குண்டில்லாத் தோட்டாக்கள்

திருவண்ணாமலை மாவட்டத்திலேயே குறி தவறாத துப்பாக்கிக்காரர் எங்கள் தோட்டா நயினார்தான். அவர் எதையும் குறிவைத்ததே இல்லை.

அடி அண்ணாமலையில் என் கடலைக் கொல்லைக்கு, ஊர்ப்பேச்சில் மல்லாட்டைக் கொல்லைக்கு, அடுத்தது அவருடையது. பரம்பரைச் சமணர். ஆனாலும் காட்டுப்பன்றியை விரட்டத் தாத்தா காலத்து இரட்டைக்குழல் துப்பாக்கியும் அதற்கு உரிமமும் வைத்திருந்தார். பித்தளைத் தோட்டாக்களில் கருமருந்தை அவரே நிரப்புவார். அதற்கு முன் மருந்தைத் தாளில் பரப்பி, கண்ணாடி போட்டுக்கொண்டு எறும்பு தேடுவார். கண்ணில் பட்டால் பூப்போல ஊதுவார்.

"வெடிக்கறதுக்கு முன்னாடி எறங்கிடும்மா," என்பார் எறும்பிடம்.

ஈயக் குண்டு போட வேண்டிய இடத்தில் பழைய வேட்டித் துணியை அடைப்பார். அவ்வளவுதான்.

"பன்னிக்குச் சத்தம் போதும் சார். குண்டு போட்டா செலவும் ஜாஸ்தி, பாவமும் ஜாஸ்தி."

இது எனக்கு மட்டுமே தெரிந்த ரகசியம். இது தெரியாத ஊர்க்காரர்கள் தங்கள் கொல்லைகளுக்கும் அவரையே காவலுக்குக் கூப்பிட்டார்கள்.

சுட்டால் பத்து வீட்டு அடுப்பு ஒன்றாய்ப் புகைந்ததுபோல் வெண்புகை எழும். ஒரு விடியற்காலை, கிரிவலப் பாதையிலிருந்து வழிதவறி வந்த வெள்ளைக்காரர் ஒருவர், புகைக்குள்ளிருந்து கரிமுகத்தோடு வெளிப்பட்ட நயினாரைக் கண்டு நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார்.

"எழுந்திருங்க சாமி, மல்லாட்டைச் செடி நசுங்குது!" என்று நயினார் கெஞ்சினார். வெள்ளைக்காரர் கண்களை மூடி அதையே பக்தியோடு திருப்பிச் சொன்னார்.

இதையெல்லாம் டீக்கடையில் நடித்துக் காட்டுவேன். ஒருநாள் எல்லாரும் நன்றாகச் சிரித்தார்கள். இன்னும் கொஞ்சம் சிரிக்கட்டும் என்று குண்டில்லாத ரகசியத்தையும் சொல்லிவிட்டேன். கல்லூரியில் வாழ்நாளெல்லாம் பாடம் நடத்தியவன் நான். அங்கே ஒருவரும் சிரித்ததில்லை.

மறுநாளே கேட்டார்கள்: "இன்னா நயினாரே, இத்தினி நாளா பன்னிக்குத் தீபாவளி கொண்டாடினியா?"

அதோடு அவரைக் கூப்பிடுவது நின்றது. பக்கத்துக் கொல்லைக்காரன் கரண்ட் கம்பி கட்டினான். அந்த வாரமே ஒரு தாய்ப்பன்றியும் குட்டிகளும் கம்பியோரம் செத்துக் கிடந்தன. நயினார் அவற்றின் பக்கத்தில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

"நான்தாங்க சொல்லிட்டேன்," என்றேன்.

"தெரியும் சார். அதுங்க சத்தத்துக்குத்தான் பயப்படும். கம்பிக்குச் சத்தமே இல்லியே," என்றார்.

தேர்தல் வந்தது. உரிமம் உள்ளவர்கள் வழக்கம்போலத் துப்பாக்கிகளைப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்தார்கள். முடிந்ததும் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். நயினார் மட்டும் தன்னுடையதை வாங்கப் போகவில்லை.

"வாங்க, நானும் கூட வர்றேன்," என்று எத்தனையோ முறை கெஞ்சினேன்.

"இருக்கட்டும் சார். அங்க இருந்தா அதைப் பாத்து யாரும் சிரிக்க மாட்டாங்க."

போன தை மாதம் அவர் இறந்துபோனார்.

என் கொல்லைக்கு நான் கம்பி கட்டவில்லை. பொழுது சாயும் நேரத்தில் பன்றிகள் வந்தால், வரப்பில் நின்று, இந்த வயதில், "டமார்!" என்று கத்துகிறேன். அவை ஓடுவதில்லை. தலையைத் தூக்கி எனக்குப் பின்னால் பார்க்கின்றன.

நானும் திரும்பிப் பார்க்கிறேன்.