ஹாஜியின் வலது கை

"மோதிரம் எந்தக் கையில இருக்கு ஷௌக்கி? அதை மட்டும் சொல்லு."

காலை எட்டு மணிக்கு ராந்தா தொலைபேசியில் கேட்ட முதல் கேள்வி இதுதான். ஷௌக்கி தூக்கக் கலக்கத்தில் தன் கையைப் பார்த்துக்கொண்டான்.

"வலது கையில. வேற எங்க இருக்கும்? நிக்காஹ் முடிஞ்சாத்தானே இடது கைக்கு மாத்தணும். இன்னும் பத்து நாள் இருக்கு."

"உன் மோதிரம் இல்லடா. எங்க அப்பா மோதிரம்! நேத்து நீ திறந்துவச்ச சைட்டைப் பாரு."

ஷௌக்கி மடிக்கணினியைத் திறந்தான். முதல் பக்கத்திலேயே வருங்கால மாமனார் ஹாஜி பஸ்யூனி கம்பீரமாக நின்றிருந்தார். பின்னால் கடையின் பெரிய பெயர்ப்பலகை, ஒரு எழுத்துக்கூட விடுபடாமல். அது தெரியாத படம் தேவையில்லை என்று ஹாஜி முன்பே சொல்லியிருந்தார். ஒரு கை கோட்டுப் பைக்குள். இன்னொரு கை, பூவேலை செய்த நாற்காலியின் முதுகில். விரலில் வெள்ளி மோதிரம் பளபளத்தது.

"மாப்பிள்ளை மாதிரி இருக்காரே உங்கப்பா!" என்றான் பெருமையாக.

"அதைத்தான் ஊரே சொல்லுது. மோதிரம் வலது கையில இருக்கு!"

ஷௌக்கியின் தூக்கம் பறந்துவிட்டது. நிச்சயம் ஆனவனுக்கு வலது கை, கல்யாணம் ஆனவனுக்கு இடது கை. தமியாத் நகரில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். ஹாஜிக்குக் கல்யாணமாகி முப்பத்தொரு வருஷம் ஆகிறது. அவர் வலது கையில் மோதிரம் என்றால், புதிதாக இன்னொரு பெண்ணுக்கு நிச்சயம் ஆகியிருக்கிறது என்றுதான் ஊர் எடுத்துக்கொள்ளும்.

"தந்தா ஊர்லருந்து பெரியம்மா போன் பண்ணி, 'பொண்ணு எந்த ஊர்?'னு அம்மாகிட்டயே கேட்டுட்டாங்க. அம்மா சமையல் கட்டுல உட்கார்ந்தவங்க எழுந்திரிக்கவே இல்ல. கையில வெங்காயம் நறுக்குற கத்தி வேற."

"உங்கப்பா என்ன சொல்றார்?"

"'சைட் செஞ்சவனைக் கேளு'ங்கிறார்."

சைட் செய்த கதை கொஞ்சம் சிக்கலானது. தமியாத் முழுக்க மரச்சாமான் ஊர். நாற்காலியாக இருந்தாலும் மருமகனாக இருந்தாலும் இங்கே கேட்பது ஒரே கேள்விதான்: கைவேலையா, மெஷின் வேலையா? பெண் கேட்கப் போன அன்று ஹாஜி அதையே கேட்டார்.

"இன்ஜினியரே, நீ இந்த சைட்டெல்லாம் கையால செய்றியா, மெஷின்ல செய்றியா?"

அந்த ஊரில் கணினியைத் தொட்டவன் எல்லாம் இன்ஜினியர்தான். ஷௌக்கி வாயைத் திறப்பதற்குள், காபித் தட்டோடு வந்த ராந்தா அவன் காலை மிதித்தாள்.

"கையாலதான் மாமா," என்றான். "ஒவ்வொரு எழுத்தையும் நானே எழுதுவேன்."

"அப்படிச் சொல்லு! எங்க கடைக்கு ஒண்ணு செஞ்சு குடு. ஒரு ஆணி மெஷின்ல அடிச்சிருந்தாலும் என் பொண்ணு உனக்கில்ல. வல்லாஹி!"

ஹாஜி ஆணையிட்டுச் சொல்லிவிட்டார். ஷௌக்கியும் நேர்மையாகத்தான் தொடங்கினான். இரண்டு மாதம் உட்கார்ந்து நிரல் எழுதப் படித்தான். அலமாரியை நடுவில் நிற்கச் சொல்லி எழுதினால் அது பக்கத்தின் உச்சியில் போய் ஒட்டிக்கொண்டது. கட்டிலைக் கொஞ்சம் கீழே இறக்கினால் சோபா காணாமல் போனது. ஒரு புள்ளி விட்டுப்போனதற்கு மொத்தக் கடையும் இருண்டுவிட்டது. கடைசியில் அவன், படத்தை மவுஸால் இழுத்துப் போட்டால் போட்ட இடத்திலேயே நிற்கும் ஒரு மென்பொருளிடம் சரணடைந்தான். ஒரே மதியத்தில் வேலை முடிந்தது.

ஆனால் கைவேலை ஒரே மதியத்தில் முடியுமா? அதனால் ஐந்து வாரம் தினமும் கடைக்கு வந்து, கறுப்புத் திரையில் ஒரே வரியைத் தட்டுவதும் அழிப்பதுமாக இருந்தான். ஹாஜி வாடிக்கையாளர்களைக் கூட்டி வந்து காட்டுவார். "பாருங்க, என் மருமகன் எழுத்து எழுத்தா செதுக்குறான்." செதுக்கிச் செதுக்கி ஷௌக்கிக்கு முதுகுவலி வந்ததுதான் மிச்சம்.

படத்தைக் கொடுத்ததும் ஹாஜியேதான். மரம் பார்க்க மன்சூராவுக்குப் போய்வந்த ஒரு வியாழக்கிழமை, வந்த கோலத்திலேயே கடை வாசலில் நின்று எடுத்துக்கொண்டாராம். தமியாத்துக்குக் கப்பலிலேயே மரம் வந்து இறங்குகிறது. ஆனாலும் ஹாஜி வியாழன் தவறாமல் மன்சூரா போய் மரம் பார்ப்பார். அவ்வளவு தொழில் பக்தி.

ராந்தா போனை வைத்த சற்று நேரத்தில் ஹாஜியே அழைத்தார். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"மகனே, அந்தக் கையை ஏதாவது பண்ணு. எப்படி, என்னன்னு கேட்காதே. சீக்கிரம்."

ஷௌக்கி படத்தைத் தோளோடு வெட்டினான். கையும் இல்லை, மோதிரமும் இல்லை. பெயர்ப்பலகையில் பாதி போனாலும் பரவாயில்லை என்று நிம்மதியாகப் பல் தேய்க்கப் போனான். வாயில் நுரையோடு இருக்கும்போது மறுபடி ராந்தா.

"ஏன்டா வெட்டினே? 'மறைச்சுட்டாங்க பார்த்தியா, அப்ப உண்மைதான்'னு மார்க்கெட் முழுக்கப் பேச்சு. பக்கத்துக் கடைக்காரர் பழைய படத்தை எடுத்து வச்சுக்கிட்டுக் காட்டுறாராம்."

"சரி, பழைய படத்தையே போட்டு, இடது கையில ஒரு மோதிரம் ஒட்டிடுறேன்."

இடது கைதான் பைக்குள் இருக்கிறதே. ஹாஜியின் வேறொரு படத்திலிருந்து ஒரு கையைக் கத்தரித்து, மோதிரத்தோடு ஒட்டினான். அவசரத்தில் வலது கை மோதிரத்தை அழிக்க மறந்துவிட்டான். இப்போது ஹாஜியின் இரண்டு கையிலும் மோதிரம். கல்யாணமும் ஆகிவிட்டது, நிச்சயமும் ஆகிவிட்டது. சந்தேகப்பட்டவர்களுக்கும் சந்தேகம் தீர்ந்தது. காலை பதினோரு மணிக்குள் நான்கு பேர் கடைக்கே வந்து ஹாஜியைக் கட்டித் தழுவி வாழ்த்திவிட்டுப் போனார்கள். ஒருவர் பாக்லாவா இனிப்புப் பெட்டியோடு வந்தார்.

"அம்மா பெட்டியைக் கட்டிட்டாங்க," என்றாள் ராந்தா. இந்த முறை அவள் குரல் உடைந்திருந்தது. "கடைக்கு வந்து அப்பா முகத்துல சாவியை எறிஞ்சுட்டு தந்தாவுக்குப் போறாங்களாம். அம்மா போனா நம்ம நிக்காஹ் எங்கடா நடக்கும்?"

ஷௌக்கி மடிக்கணினியை மறுபடி தன் பக்கம் இழுத்தான்.

"ஷௌக்கி, ஒண்ணு கேட்கட்டா? அந்த சாஃப்ட்வேர்ல அரபின்னு ஒரு பட்டனை அமுக்கினா எல்லாம் இந்தப் பக்கத்திலருந்து அந்தப் பக்கம் போயிடும்னு சொன்னியே?"

"ஆமா. இங்கிலீஷ்காரன் செஞ்ச சாஃப்ட்வேர். இடமிருந்து வலமா இருக்கும். அரபிக்கு வலமிருந்து இடம். பட்டனை அமுக்கினா மொத்தமும் திரும்பி..."

அவன் பாதியில் நிறுத்தினான். மொத்தமும் திரும்பினால், கையும் திரும்பியிருக்கும்தானே? இடது கை வலது கையாகியிருக்கும். ஹாஜி பாவம், ஒரு தப்பும் செய்யவில்லை!

"ராந்தா, உங்கப்பா நல்லவர்!"

"தெரியும். ஆனா இதைச் சொன்னா நீ மெஷின்ல செஞ்சதும் தெரிஞ்சுடும். அப்பா ஆணையிட்டிருக்கார்."

வருங்கால மாமியின் கல்யாணம் நிலைக்க வேண்டுமானால் தன் கல்யாணம் போக வேண்டும். ஷௌக்கி சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினான். பயமாகத்தான் இருந்தது.

கடை வாசலில் தேநீர் போடும் ஷஹாத்தா சாச்சா உட்கார்ந்து, சர்க்கரைப் பொட்டலத்தை எழுத்துக்கூட்டிக்கொண்டிருந்தார். அறுபத்திரண்டு வயதில் பள்ளிவாசல் எழுத்து வகுப்பில் சேர்ந்து மூன்று மாதமாகிறது. கண்ணில் படுவதையெல்லாம் சத்தமாகப் படிப்பார்.

"ச... ர்... க்... சர்க்... உள்ள போகாதே தம்பி. கத்தியைக் கொண்டு வந்திருக்காங்க."

உள்ளே மாமி இன்ஷிராஹ், விலை உயர்ந்த கட்டில் ஒன்றில் பெட்டியோடு உட்கார்ந்திருந்தார். ராந்தா அருகில். ஹாஜி மூன்று அலமாரிகள் தள்ளி, பாதுகாப்பான தூரத்தில்.

"வா இன்ஜினியரே," என்றார் மாமி. "முப்பத்தொரு வருஷம் இந்த மனுஷனுக்கு மொலோகியாக் கீரை ஆக்கிப் போட்டேன். ரெண்டு கையிலயும் மோதிரம் போட்டுக்கிட்டு நிக்கிறான். பத்து விரலுக்கும் எப்ப போடப் போறானாம்?"

"மாமி, மாமா மேல தப்பே இல்ல. தப்பு என்னுது."

ஷௌக்கி மடிக்கணினியை மேசையில் வைத்தான்.

"இந்த சைட்டை நான் கையால எழுதல. ஒரு எழுத்துகூட எழுதல. மெஷின்தான் செஞ்சுது. ஐஞ்சு வாரமா உங்க முன்னால சும்மா தட்டிக்கிட்டிருந்தேன். அந்த மெஷின்தான் மாமா படத்தையும் திருப்பிப் போட்டிருக்கு. இதோ பாருங்க."

ஒட்டுப்போடாத முதல் படத்தை எடுத்துப் போட்டான். ஆங்கிலப் பட்டனை அழுத்தினான். பக்கம் முழுவதும் புரண்டது. சோபா அந்தப் பக்கம் போனது, கட்டில் இந்தப் பக்கம் வந்தது, ஹாஜி வலது ஓரத்திலிருந்து இடது ஓரத்துக்குத் தாவினார். அரபிப் பட்டனை அழுத்தினான். எல்லாரும் பழைய இடத்துக்கே ஓடி வந்தார்கள்.

"யா லத்தீஃப்!" என்றார் மாமி. "மனுஷனையே தூக்கிப் போடுதே!"

ஷௌக்கி தன் விரலில் இருந்த மோதிரத்தைக் கழற்றி மேசையில் வைத்தான். கண் கலங்கிவிட்டது. "மாமா ஆணையிட்டது ஞாபகம் இருக்கு. நான் பொய் சொன்னேன். நான் போறேன்."

மூன்று அலமாரிகளைத் தாண்டி ஹாஜி ஓடி வந்தார். அடிக்கத்தான் வருகிறார் என்று ஷௌக்கி கையைத் தூக்கினான். ஹாஜி அவனை இறுக்கிக் கட்டிக்கொண்டு இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தார்.

"மெஷினா? மெஷினா செஞ்சுது? அட என் கண்ணே! மெஷின்னா தப்பு வராதா? மெஷினுக்கு இடது கை ஏது, வலது கை ஏது? கேட்டியா இன்ஷிராஹ்? மெஷின்! நான்தான் காலையிலருந்து சொல்றேனே!"

"நீங்க எங்க சொன்னீங்க?" என்றாள் ராந்தா.

"மனசுக்குள்ள சொன்னேன். இன்னிலருந்து நம்ம கடையில மெஷினை யாரும் குறை சொல்லக்கூடாது. ஆணையை மீறினதுக்கு மூணு நாள் நோன்பு வச்சுக் கழிச்சுடுறேன். ராந்தா, மாப்பிள்ளைக்கு மோதிரத்தைப் போட்டு விடு!"

நாற்பது வருஷம் மெஷினைத் திட்டிய வாய் அது. எப்படிப்பட்ட பெருந்தன்மை என்று ஷௌக்கி நெகிழ்ந்துபோனான். மாமியின் முகமும் இளகியது. பெட்டியைக் காலால் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டு, முக்காட்டு நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"சந்தேகப்பட்டுட்டேனே ஹாஜி. மன்னிச்சுக்கோங்க."

"பரவால்ல, பரவால்ல," என்றார் ஹாஜி. நெற்றி வியர்வையை ஒற்றிக்கொண்டு, "சாச்சா! எல்லாருக்கும் டீ! பாக்லாவா பெட்டியைப் பிரி!"

ஷஹாத்தா சாச்சா தட்டோடு வந்தார். மேசையில் இடம் தேடியவர் கண்ணில் மடிக்கணினி பட்டது. தட்டைக் கையில் பிடித்தபடியே குனிந்து, படத்தில் ஹாஜியின் தலைக்கு மேலே இருந்த பலகையை எழுத்துக்கூட்ட ஆரம்பித்தார்.

"ப... ஸ்... பஸ்... யூ... னி... பஸ்யூனி. கை... வே... லை... கைவேலை... ம... ர... ச்... சா... மான்."

"சபாஷ் சாச்சா!" என்று ராந்தா கைதட்டினாள். மாமி கைதட்டினார். ஷௌக்கியும் தட்டினான். ஹாஜி மட்டும் தட்டவில்லை.

சாச்சா வெட்கத்தோடு சிரித்தார்.

"என்ன பெரிய படிப்பு. படம் திரும்பாம நேரா இருக்கவே படிச்சேன். எழுத்து திரும்பியிருந்தா எனக்குப் படிக்கத் தெரியுமா?"