சம்பந்தியை வெங்காயம் உரிக்க வைத்த கதை

அன்புள்ள மச்சான் அந்தோணிசாமிக்கு,

கடலூரிலிருந்து உன் மாமா சவரிராயன் எழுதிக்கொள்வது. மாதா புண்ணியத்தில் உன் அக்கா புஷ்பமேரியும் நானும் உடம்பால் சுகம். மானத்தால் எப்படி என்பதை மேற்கொண்டு படி.

நம் பெண் நித்யா மேரிக்கு நீ பார்த்த சிதம்பரத்து வரனின் அப்பா, பெண்ணை நாடகத்திலேயே பார்த்துக்கொள்கிறேன் என்றாரல்லவா? கூட வருகிறேன் என்ற நீ, காட்டுமன்னார்கோயிலில் நடவு என்று நின்றுவிட்டாய். அவர் முகம் கறுப்பா சிவப்பா என்று எனக்குத் தெரியாது. ஒரு போட்டோவாவது அனுப்பித் தொலைத்திருக்கலாம். எங்கள் பங்குக் கோயில் இளைஞர்கள் போட்ட நாடகம் என்ன தெரியுமா? பெண் பார்க்க வந்த சம்பந்தியைச் சமையல்காரன் என்று நினைத்து வெங்காயம் உரிக்க வைக்கிற வீட்டின் கதை. வீட்டுக்கார அம்மாள் வேஷம் நம் நித்யாவுக்கு, திரை இழுக்கிற வேலை எனக்கு. சம்பந்தியாக நடிக்க வேண்டியவனுக்குக் காய்ச்சல். பதிலுக்குச் சிதம்பரத்திலிருந்து ஒரு நடிகர் வருவார் என்றார்கள். மணியும் அடித்துவிட்டது. பின்வாசலில் வெள்ளை வேட்டியும் கையில் பையுமாக ஒருவர், "சிதம்பரத்துலேருந்து வர்றேங்க" என்றதும், "வாய்யா, எவ்ளோ நேரம்!" என்று மேடையில் தள்ளிவிட்டேன்.

தள்ளிய கையோடு உன் அக்கா ஓடி வருகிறாள். "ஏங்க, சம்பந்தி பஸ்ஸ விட்டு எறங்கிட்டாராம். வெள்ளை வேட்டியாம், கையில பையாம். பாத்தீங்களா?" நான் தள்ளிவிட்டது சம்பந்தியையா என்று திரை ஓரமாக எட்டிப் பார்த்தேன், மச்சான். மேடையில் அவர், "நான் பையனோட அப்பாங்க, பொண்ணு பாக்க வந்தேங்க" என்று கண்ணீரோடு கெஞ்சுகிறார். நம் நித்யாவோ இடுப்பில் கை வைத்து, "எல்லா சமையக்காரனும் இதத்தான்யா சொல்றான், வெங்காயத்த உரி!" என்கிறாள். சபை விழுந்து விழுந்து சிரிக்கிறது. வசனம் நாடகத்தில் உள்ளதுதான். ஆனால் ஒத்திகையில் ஒருவனுக்கும் வராத கண்ணீர் இவருக்கு மட்டும் வருகிறதே, நடிப்பென்றால் இப்படி வருமா? கல்யாணம் போச்சு என்று முடிவே கட்டிவிட்டேன். இருந்தாலும் என்னா பொண்ணு மச்சான் அது! அவ போட்ட அதட்டலுல தெர இழுக்குற கயித்த நானே விட்டுட்டேன். பெத்த எனக்கே இவ்ளோ நாளா தெரியாம போச்சே.

நாடகம் முடிஞ்சதும் ஓடிப்போய், சிறப்பு விருந்தினருக்கு வாங்கி வச்ச பொன்னாடைய அவருக்குப் போத்தி, "சம்பந்தி, மன்னிச்சுக்குங்க"ன்னேன், கால்ல விழாத கொறை. மனுஷன் தங்கம்! சிரிச்சுக்கிட்டே வீட்டுக்கு வந்தாரு, வஞ்சிரம் வறுவல இன்னும் ரெண்டு வைங்கன்னு கேட்டு வாங்கிச் சாப்புட்டாரு. "தை மாசம் வச்சுக்கலாமா?"ன்னேன். "பேஷா வச்சுக்கலாம் சம்பந்தி"ன்னாரு. நித்யா வேஷம் கலைச்சுட்டு வர்றதுக்குள்ள எல்லாம் பேசி முடிச்சாச்சு. வெங்காயம் உரிச்ச கையோட இப்படி ஒரு பெரிய மனசு யாருக்கு வரும்? நீ நேரில் போய் என் நன்றியைச் சொல்லி, மற்றதைப் பேசி வை.

உன் பிள்ளைகளுக்கு எங்கள் ஆசீர்வாதம். போட்டோ அனுப்பாத உனக்குக் கல்யாணத்தன்று தருகிறேன்.

இப்படிக்கு,
சவரிராயன்

பின்குறிப்பு: கவரை ஒட்டப் போனபோது சிதம்பரத்திலிருந்து போன். நான் பேசி முடித்தது நடிகர் தங்கராசுவிடமாம். நான் வேடிக்கைக்குப் பேசுகிறேன் என்று நினைத்து விடாமல் நடித்ததாக, ஊருக்குப் போய் அவரே சொன்னாராம். அசல் சம்பந்தி முன்வாசல் வழியாக வந்து உட்கார்ந்து, நான் பொன்னாடை போர்த்தியது வரை பார்த்து ரசித்துவிட்டு பஸ் ஏறிவிட்டாராம். போனில் பேசியதே அவர்தான். "பொண்ணு எங்களுக்கு ரொம்பப் புடிச்சிருக்குங்க" என்றார். "ஒண்ணே ஒண்ணு கேக்கணும். கல்யாணத்துக்கு மாப்பிள்ளையோட அப்பாவா நான் வரட்டுமா, இல்ல அவரே வர்றாரா?"