மிதக்க வேண்டிய மண்

பதினோரு மணிக்கு மிதக்க வேண்டிய மண்ணைப் பத்தரை ஆகியும் பெலிக்ஸ் தேடிக்கொண்டிருந்தான்.

அது கண்ணுக்குத் தெரியாத நுண்குழாய்களாலான களிமண். அந்தக் குழாய்களின் மேல் பாலிமரை ஒட்டவைக்க எட்டு மாதமாக மல்லுக்கட்டுகிறான். ஒட்டிவிட்டால் தண்ணீர் நனைக்காது, பொடி மிதக்கும். ஒட்டாவிட்டால் மோராகக் கரைந்துவிடும். இன்று வரும் தேர்வாளர் பாஸ்கல் அதைப் பார்த்துத் தலையசைத்தால்தான் தீசிஸ். இல்லையென்றால் இன்னும் ஒரு வருடம். அவன் அம்மா கிளாராவோ, மகன் டாக்டராகிவிட்டான் என்று சர்ச்சில் பாதிப் பேரிடம் சொல்லியாயிற்று.

கடைசியாகச் செய்த பொடியை நேற்று மாலை கண்ணாடித் தட்டில் காயவைத்தான். ஒட்டியதா என்று காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டான். போகும்போது, "மேசையில தூசி தும்பு இருக்கக் கூடாதுக்கா" என்று லேப் உதவியாளர் மாயம்மாளிடம் சொன்னதும் அவனேதான்.

இப்போது லேப் பளபளத்தது. தட்டும் பளபளத்தது. மாயம்மாளைத்தான் காணோம்.

பாவம், அழுகையே வந்துவிட்டது. வேறு வழியில்லாமல் போன மாதப் பொடியை அலமாரியிலிருந்து எடுத்தான். பாலிமர் பாதிதான் ஒட்டிய பொடி. கும்பிடாத சாமியில்லை.

பதினோரு மணிக்கு வந்த பாஸ்கல் ஒரு குவளைத் தண்ணீரில் ஒரு சிட்டிகை தூவினார். மோர்.

திண்டுக்கல் தண்ணீர் உப்பு, அதனால் இருக்கும் என்றான் பெலிக்ஸ். அவர் காய்ச்சி வடித்த நீரைக் கொண்டுவரச் சொன்னார். அதில் இன்னும் அழகாகக் கரைந்தது.

பதமாகத் தூவ வேண்டும் என்று பெலிக்ஸ் தானே பொடி பாட்டிலை வாங்கினான். அவசரத்தில் சாய்த்ததில் பொடி முழுவதும் பாஸ்கலின் கறுப்புப் பேன்ட்டில் கொட்டியது. பெலிக்ஸின் வழிகாட்டி மிக்கேல்ராஜ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

இனி மறைத்துப் பயனில்லை.

"சார், இது பழசு. நல்ல பொடி காணாமப் போச்சு."

"முப்பது வருசமாப் பாக்குறேன் தம்பி," என்றார் பாஸ்கல், பேன்ட்டைத் தட்டியபடி. "எல்லாருக்கும் நல்ல பொடிதான் காணாமப் போகுது."

பேனாவைத் திறந்தார். பெலிக்ஸ் தலையைத் தொங்கப்போட்டான்.

அப்போது வாசலில் வாளி வைக்கும் சத்தம் கேட்டது. மாயம்மாள் மூச்சு வாங்க நின்றாள்.

"தம்பி, நேத்து உங்க தட்டக் கழுவுன தண்ணி இது. காலையில இருந்து கலக்கிப் பாத்துட்டேன், அந்தப் பொடி நனையவே மாட்டேங்குது, அம்புட்டும் மேலயே மெதக்குது. இத எங்கிட்டுக் கொட்ட?"