பழைய ராஜாவின் அங்கி

பெருமதிப்பிற்குரிய அண்ணன் அவர்களுக்கு,

தம்பி வணக்கத்துடன் எழுதுவது. நானும் உங்கள் தம்பி மனைவியும் இங்கே நலமாக இருக்கிறோம். நீங்களும் அண்ணியும் எங்களைவிட ஒரு படி கூடுதலாகவே நலமாக இருப்பீர்கள். சின்ன வயதிலிருந்து அப்படித்தான் நடந்துவருகிறது, இப்போது மட்டும் மாறிவிடப் போவதில்லை.

உங்களுக்கு நன்றி சொல்வதற்காக இந்தக் கடிதத்தை எழுதுகிறேன். பதற வேண்டாம். எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை, டாக்டர் யாரும் கெடு வைக்கவில்லை, உங்களிடம் கேட்டு வாங்க வேண்டியதும் எதுவும் இல்லை. உண்மையிலேயே நன்றிதான். பாதி படித்த பிறகும் நம்பிக்கை வராவிட்டால் அண்ணியிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். அந்த வீட்டில் என் பேச்சை நம்பிய ஒரே ஆள் அவர்.

எங்கள் குடியிருப்பில் ஒரு நாடகக் குழு இருக்கிறது. வருடம் ஒரு தடவை கீழ்த்தளத்துக் கூடத்தில் பாட்டு நாடகம் போடுவார்கள். இத்தனை வருடமும் நான் மேலே கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் சாத்திக்கொண்டு அதைச் சகித்து வந்திருக்கிறேன். இந்தத் தடவை லிஃப்டுக்குப் பக்கத்துப் பலகையில் ஓர் அறிவிப்பு ஒட்டியிருந்தார்கள். நாட்டில் யாரும் பாடக் கூடாது என்று சட்டம் போட்டுவிட்டு, கடைசிக் காட்சியில் தானே பாடிவிடும் ஒரு ராஜாவின் கதை. ராஜா வேஷத்துக்கு ஆள் தேவை. ஐம்பதைத் தாண்டியவராக, இயல்பாகவே கோபம் வருகிறவராக இருந்தால் நல்லது. உங்கள் தம்பி மனைவி அதை ஒரு தடவை படித்தாள், என்னை ஒரு தடவை பார்த்தாள். "பேரு மட்டும்தான் போடாம விட்டிருக்காங்க" என்றாள்.

எனக்கு அந்த வேஷம் வேண்டும் என்று தோன்றிவிட்டது. ஏன் என்று அவளிடம்கூடச் சொல்லவில்லை. நீங்கள் தூரத்தில் இருப்பதால் உங்களிடம் சொல்கிறேன். வீட்டில் ஜன்னலோரக் கட்டில் உங்களுக்கு, கதவோரக் கட்டில் எனக்கு. ஆபீசில் வரைபடப் பிரிவின் தலைமை நாற்காலி, நான் பென்சில் பிடிக்கக் கற்றுக்கொடுத்த ஒருவனுக்கு. வரிசையில் நின்றால் என் முறை வரும்போதுதான் உள்ளே இருப்பவருக்குத் தேநீர் ஞாபகம் வரும். இதையெல்லாம் நான் குறையாகச் சொல்லவில்லை, தகவலாகச் சொல்கிறேன். ஒரே ஒரு தடவை மேடைக்கு நடுவில் நின்று, யாரும் குறுக்கே பேசாமல், ஒரு பாட்டை முதலிலிருந்து கடைசி வரைக்கும் பாடி முடிக்க வேண்டும். அவ்வளவுதான் ஆசை. பெரிய ஆசை இல்லை. ஆனால் இந்த வயதில் அது வந்து உட்கார்ந்தால் எழுந்து போக மாட்டேன் என்கிறது.

ராஜாவின் பாட்டை எல்லாருக்கும் முன்கூட்டியே எழுதிக் கொடுத்திருந்தார்கள். குளியலறையில் பழகினேன். மேல்வீட்டுக்காரர் இறங்கி வந்து, யாருக்காவது உடம்பு சரியில்லையா, ஆட்டோ கூப்பிடட்டுமா என்று அன்பாக விசாரித்துவிட்டுப் போனார். அவருக்கு என்ன பதில் சொல்லியிருப்பேன் என்று உங்களுக்குத் தெரியும். உங்கள் தம்பி மனைவி சமையலறையிலிருந்தே திருத்திக்கொண்டிருந்தாள். "அந்த இடத்துல மூச்சு விடாதீங்க, அடுத்த வரியில விடுங்க." "உனக்கு எப்படித் தெரியும்?" என்றால், "ஒரு வாரமா அதைத்தானே கேட்டுக்கிட்டிருக்கேன், மிக்ஸிக்கே பாட்டு மனப்பாடம் ஆயிருச்சு" என்பாள்.

தேர்வு நாளன்று கூடத்தில் நாற்காலிகளைச் சுவரோரம் தள்ளி வைத்திருந்தார்கள். இயக்குநர் எங்கள் தெருப் பல் மருத்துவர். பாடுகிறவர்கள் யாராக இருந்தாலும் "இன்னும் கொஞ்சம் அகலமாத் திறங்க, நாக்கைக் கீழே வைங்க" என்று தொழில் பழக்கத்தில் சொல்லிக்கொண்டிருந்தார். அவருக்குப் பக்கத்தில் தையல்காரம்மா. கழுத்தில் அளவு நாடா, உதட்டில் குண்டூசிகள். ஊசிகளை எடுக்காமலே பேசுவார், சிரிப்பார், ஒரு தடவை தும்மவும் செய்தார், ஒரு ஊசிகூட விழவில்லை.

பாடலாம் என்று நான் தொண்டையைச் செருமினேன். தையல்காரம்மா கையைக் காட்டி நிறுத்தினார்.

"முதல்ல அங்கியைப் போடுங்க. அப்புறம் பாட்டு."

இந்த இடத்தில் உங்களுக்கு ஒன்றை விளக்க வேண்டும். உலகத்தில் எல்லா நாடகக் குழுவும் ஆளைப் பார்த்து உடுப்புத் தைக்கும். இவர்கள் உடுப்பைப் பார்த்து ஆளைத் தேடுகிறார்கள். அலமாரி நிறையப் பழைய உடுப்புகள் இருக்கின்றன, புதிதாகத் தைப்பது வழக்கம் இல்லை, எந்த உடுப்பு யாருக்குச் சேர்கிறதோ அந்த வேஷம் அவருக்கு. போன வருடம் ஒருவர் அழ வைக்கும்படி நடித்தாராம், பூட்ஸ் நுழையவில்லை என்பதால் சிப்பாய் வேஷம் போய்விட்டதாம். ராஜா அங்கி இத்தனை வருடமும் ராஜாவாக நடித்த ஒரு பெரிய உடம்புக்காரருக்காகத் தைத்தது. பழைய ராஜா என்றுதான் அவரைச் சொல்கிறார்கள். மகளோடு இருக்க வேறு ஊருக்குப் போய்விட்டார், அங்கி மட்டும் இங்கே இருக்கிறது. கருஞ்சிவப்பு வெல்வெட், ஓரமெல்லாம் பொன் நிறச் சரிகை, தலையணை மாதிரி ஒரு காலர். இரண்டு பேர் சேர்ந்து குடித்தனம் நடத்தலாம்.

அங்கி போட்டுப் பார்க்கும் வரிசையில் எனக்கு முன்னால் வானொலிக்காரர். அப்படித்தான் அவரை எல்லாரும் கூப்பிடுகிறார்கள், வானொலியில் செய்தி வாசித்து ஓய்வு பெற்றவர். அவர் "வணக்கம்" என்றாலே ஏதோ பெரிய செய்தி வரப்போகிறது என்று கூடமே நிமிர்ந்து உட்காரும். அவர் மேல் எனக்கு நான்கைந்து நாளாகவே பகை. அவருக்கு அது தெரியாது. அங்கியைப் போட்டார், பாட ஆரம்பித்தார். முதல் வரி, அண்ணா, உண்மையைச் சொல்ல வேண்டும், பிரமாதம். இரண்டாவது வரியில் வலது கை அங்கிக்குள் காணாமல் போனது. உதறினார். இடது தோள் இறங்கியது. ஏற்றிவிட்டார். ஏற்றின வேகத்தில் காலர் வாயை மூடியது. அதற்கப்புறம் பாட்டு ஒரு பக்கம் போச்சு, அவர் ஒரு பக்கம் போனார், அங்கி நின்ன இடத்திலேயே நின்னுச்சு.

"சார், துணியை விடுங்க, பாட்டைப் பிடிங்க" என்றார் பல் மருத்துவர்.

"துணி என்னைப் பிடிச்சிருக்கே டாக்டர்" என்று காலருக்குள்ளிருந்து குரல் வந்தது.

அடுத்தது நான். அங்கியைத் தோளில் போட்டதும் எனக்கு ஒரு விஷயம் புரிந்தது. இதைவிடப் பெரிய உடுப்புகளை நான் பார்த்திருக்கிறேன். உங்கள் உடம்பு எப்போதும் என் உடம்பைவிட இரண்டு வருடம் முன்னால் போய்க்கொண்டிருந்தது, நான் உங்கள் சட்டைகளுக்குள் பின்தொடர்ந்து வந்துகொண்டிருந்தேன். எனக்கென்று துணி எடுத்துத் தைத்த முதல் சட்டை என் கல்யாணச் சட்டை. அன்றைக்கு எனக்குப் பரீட்சை இருந்ததால் அதற்கும் அளவு கொடுக்க நீங்கள்தான் போனீர்கள். ஆகவே என் கைகள் என்னைக் கேட்காமலே வேலையைத் தொடங்கிவிட்டன. சட்டைக் கையை வெளியே மடிக்கக் கூடாது, மடிப்பு தெரிந்துவிடும். உள்ளே மடிக்க வேண்டும். முழங்கையைக் கொஞ்சம் வளைத்து வைத்தால் மிச்சத் துணி அங்கேயே தங்கும். முதுகுப் பக்கத்துத் துணியை மொத்தமாகச் சுருட்டி இடது கையில் பிடித்துக்கொண்டு, அந்தக் கையைப் பின்னால் கட்டிக்கொள்ள வேண்டும். பார்க்கிறவர்களுக்கு அது கம்பீரம் மாதிரித் தெரியும். பள்ளிக்கூடத்தில் ஒரு வாத்தியார் என்னைக் காட்டி, "நிற்கிறான் பாருங்கள், இதுதான் மிடுக்கு" என்று மற்றப் பையன்களிடம் சொல்லியிருக்கிறார். இடது கையை எடுத்திருந்தால் கால்சட்டை கணுக்காலில் இருந்திருக்கும்.

அப்படியே நான்கு அடி நடந்து திரும்பினேன். தையல்காரம்மா உதட்டிலிருந்து ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்து மேஜையில் வைத்தார். அவர் ஊசியை எடுத்துப் பார்த்ததில்லை என்று பக்கத்தில் யாரோ முணுமுணுத்தார்கள்.

"இதை உங்களுக்கு யாருங்க சொல்லிக் குடுத்தது?"

"எங்க அண்ணன்."

"அவரும் நடிக்கிறவரா?"

"இல்லைங்க. அவர் வளர்ந்துக்கிட்டே இருந்தார்."

பாடினேன். மூன்றாவது சரணத்தில் ஒரு வரி மறந்துவிட்டது. என்னோடு வந்து காத்திருப்பவர்களின் வரிசையில் உட்கார்ந்திருந்த உங்கள் தம்பி மனைவி மெல்ல முனகி எடுத்துக் கொடுத்தாள், பிடித்துக்கொண்டேன். பாடி முடித்ததும் பல் மருத்துவர், "அந்த இடத்துல நிறுத்தினீங்க பாருங்க, ராஜா மனசு மாறுற மாதிரியே இருந்தது" என்றார். நான் மறுக்கவில்லை. அவரும் தையல்காரம்மாவும் கொஞ்ச நேரம் தனியாகப் பேசினார்கள். எப்பவும் போல இதுவும் நம்ம கைக்கு வராது, சரி, மேல போய்க் கதவைச் சாத்திக்குவோம்னு மனசுக்குள்ள படிக்கட்டு ஏற ஆரம்பிச்சுட்டேன். பேச்சு நடையில் இறங்கிவிட்டேன், பொறுத்துக்கொள்ளவும். தையல்காரம்மாதான் திரும்பி வந்து சொன்னார். "அளவு உங்களுக்குச் சேரலை. ஆனா நீங்க அளவுக்குச் சேர்ந்துக்கிறீங்க. ராஜா நீங்கதான்."

முதலில் கை கொடுத்தவர் வானொலிக்காரர். "நான் அதைச் சுமந்தேன், நீங்க போட்டீங்க" என்று சிரித்தார். அவருக்காகச் சேர்த்து வைத்திருந்த பகையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றேன். கடைசியில் அவரைத் தேநீருக்கு வீட்டுக்குக் கூப்பிட்டுவிட்டேன். என் வாயிலிருந்து அப்படி ஓர் அழைப்பு வந்ததை உங்கள் தம்பி மனைவி இன்னும் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

ஆகவே, அண்ணா, நன்றி. உங்கள் சட்டைகள் எல்லாவற்றுக்கும் சேர்த்துச் சொல்கிறேன். முழங்கையில் ஒட்டுப் போட்ட அந்த நீலச் சட்டையை இன்றோடு மன்னித்துவிட்டேன். இத்தனை வருடம் அவமானம் என்று நினைத்துக்கொண்டிருந்தது ஒரு பயிற்சி என்று இப்போது தெரிகிறது. பயிற்சி கொடுத்தவருக்கே தெரியாமல் நடந்த பயிற்சி. நீங்கள் அந்தச் சட்டைகளைக் கிழிக்காமல் போட்டதையும் இன்றைக்குத்தான் யோசித்தேன். மரம் ஏறுகிற பையன், ஒரு சட்டையைக்கூடக் கிழிக்கவில்லை. அடுத்து அது யாருக்குப் போகும் என்று உங்களுக்குத் தெரிந்திருந்தது. இதை நீங்கள் ஒருநாளும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. ஜன்னலோரக் கட்டில் விஷயம் வேறு, அது பரிசீலனையில் இருக்கிறது.

அண்ணிக்கு என் வணக்கத்தைச் சொல்லவும். பேரனுக்கு என் ஆசி. அவனுக்குப் பின்னால் ஒரு தம்பி வந்தால் அவனுக்கும் ஒரு சட்டையாவது தனியாக எடுக்கச் சொல்லவும். எல்லாரும் நெடுநாள் நன்றாக இருக்க வேண்டும் என்று மனதார வேண்டிக்கொண்டு முடிக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் தம்பியும் இந்நாள் அரசனுமாகிய நான்.

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுவதற்குள் நிலவரம் மாறிவிட்டது. அங்கியை வீட்டில் வைத்துப் பழக என்னிடம் கொடுத்திருந்தார்கள். அதில் பழைய ராஜாவின் வியர்வை வாடை. இனி இது என் அங்கி, இன்னொருவர் வாடை எதற்கு என்று வாஷிங் மெஷினில் போட்டேன். உங்கள் தம்பி மனைவி, "வெல்வெட்டுங்க அது, தண்ணியே காட்டக் கூடாது" என்றாள். "எனக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டு வெந்நீரைத் திருப்பிவிட்டேன். கூடவே கிடந்த என் பனியன்கள் எல்லாம் இப்போது அரச குடும்பத்து நிறத்தில் இருக்கின்றன. அங்கி என் முழங்கைக்கு மேல் ஏறவில்லை. இரண்டு பேரும் ஆளுக்கொரு நுனியைப் பிடித்து இழுத்துப் பார்த்தோம், இழுத்த நேரத்தில் தையல்காரம்மா கதவைத் தட்டினார்.

அங்கியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு கையைத் துடைத்துக்கொண்டிருந்த உங்கள் தம்பி மனைவியைப் பார்த்தார். "நீங்க கொஞ்சம் போட்டுப் பாருங்கம்மா." அளவெடுத்துத் தைத்தது மாதிரி உட்கார்ந்தது. "பாட்டுத் தெரியுமா?" என்றார். இவள் பாடினாள். மூச்சு விடக் கூடாத இடத்தில் விடவில்லை, மூன்றாவது சரணத்தில் நிற்கவில்லை. இதையும் உங்கள் ஜன்னலோரக் கட்டில் கணக்கோடு சேர்த்து எழுதி வைக்கலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் அவள் கடைசி வரிக்கு வந்தபோது, கையில் ஈரப் பனியனோடு நின்றவன் கோபப்பட மறந்துவிட்டேன். தையல்காரம்மா பல் மருத்துவரைக் கூட்டிவந்தார். "ராணி போட்டாலும் சட்டம் சட்டம்தானே" என்று அவர் ஒரே வாக்கியத்தில் கதையைத் திருத்திவிட்டார். ஆகவே மேலே அரசன் என்று எழுதியிருக்கும் இடங்களில் எல்லாம் உங்கள் தம்பி மனைவி என்று மாற்றி வாசிக்கவும். நன்றியை அடிக்கவில்லை, அது அப்படியே இருக்கட்டும்.

எனக்குக் குடை பிடிக்கும் வேஷம். ராணிக்குப் பின்னால் ஓர் அடி தள்ளி நிற்க வேண்டும், கடைசி இரண்டு வரியைச் சேர்ந்து பாடலாம். அந்த வேஷத்துக்கு அலமாரியில் உடுப்பு எதுவும் இல்லை, என் சொந்தச் சட்டையையே போட்டுக்கொண்டு வரச் சொல்லிவிட்டார்கள். நீங்களும் அண்ணியும் அவசியம் வர வேண்டும். முன்வரிசையில் இடம் சொல்லி வைத்திருக்கிறேன், ஜன்னலோரமாக இல்லை. அவள் பாடி முடித்ததும் நன்றாகக் கைதட்டுங்கள். நானும் தட்டலாம் என்று இருக்கிறேன், குடையை எந்தக் கையில் வைத்துக்கொண்டு தட்டுவது என்பதுதான் இன்னும் பிடிபடவில்லை.