காந்தமா, பிஸ்கட்டா?

முழங்கால் வரை பனி. ஆனாலும் வட டக்கோட்டாவில் எங்கள் தேவாலயத்தின் நிலவறைக் கூடத்தில் அன்று நிற்க இடமில்லை. பின்னே? மூளை வைத்தியர் வெர்னன் ஸ்கார் அல்லவா எழுந்தருளியிருக்கிறார்! படிக்கத் திணறும் பிள்ளைகளை ஒரே காந்தத்தால் குணப்படுத்துவாராம். எந்தக் கல்லூரியில் படித்தார் என்று கேட்காதீர்கள். கேட்டால் பக்தி குறைந்துவிடும்.

கையை நீட்டச் சொல்லி அழுத்துவார், கை தொங்கிவிடும். மறுகையில் காந்தத்தைக் கொடுத்து அழுத்துவார். நீட்டிய கை அசையாது. சனம் வாயையும் பர்ஸையும் சேர்த்தே திறக்கும்.

முன்வரிசையில் நின்ற அர்லீனின் மகள் மாரிட்டுக்கு எழுத்துகள் பிடிகொடுப்பதில்லை. பாடங்களைக் காதால் கேட்டு, தேர்வில் கூடுதல் நேரம் வாங்கி, நர்ஸ் படிப்பில் கடைசி ஆண்டுவரை வந்துவிட்டாள். திங்கட்கிழமை இறுதித் தேர்வு.

"கூடுதல் நேரம், ஒலிப்புத்தகம் எல்லாத்தையும் இன்னிக்கே விட்டுடணும். ஊன்றுகோல் இருந்தா காந்தம் வேலை செய்யாது," என்றார் வெர்னன்.

"விட்டுடுவா, டாக்டர்," என்றாள் அர்லீன்.

விட்டால் தேர்வு போச்சு. நர்ஸ் வேலையும் போச்சு.

"சரிம்மா. முதல்ல உன் கையுறை ரெண்டையும் குடு. டாக்டர், அந்தக் காந்தத்தையும்," என்றாள் மாரிட்.

பக்கத்துச் சமையலறைக்குள் போனவள், புடைத்த கையுறைகளோடு வந்தாள். "ஒண்ணுலதான் காந்தம் இருக்கு. எதுலன்னு நான் சொல்லமாட்டேன். அம்மா கையிலேயே சோதிச்சுப் பாருங்க."

கூடம் முழுக்கப் பார்க்கிறதே, மறுக்க முடியுமா? முதல் கையுறையைப் பிடித்தாள் அர்லீன். வெர்னன் அழுத்தினார், கை தொங்கியது. "இதுல ஒண்ணுமில்ல!" இரண்டாவதைப் பிடித்தாள். கை கம்பமாக நின்றது. "பாத்தீங்களா சக்தியை!" ஒரே கைதட்டல்.

மாரிட் இரண்டாவதைக் கவிழ்த்தாள். விழுந்தது ஓட்ஸ் பிஸ்கட். முதலாவதிலிருந்து காந்தம் உருண்டது.

"ஐயோ, அது நான் சுட்டதாச்சே!" என்று கத்தினாள் பாதிரியாரின் மனைவி. "இவ்வளவு நாளா மூளை வைத்தியம் என் அடுப்புலயா நடந்துச்சு?"

"குளிர்ல காந்தம் சக்தி இழந்துடுச்சு..." என்று இழுத்தார் வெர்னன்.

"இன்னொரு தடவை பண்ணுவோமா? பிஸ்கட் நிறைய இருக்கு," என்றாள் மாரிட்.

வெர்னன் மேலங்கியைத் தேடினார்.

அர்லீன் நீட்டிய கையை மடக்கவும் மறந்து நின்றாள். "அப்போ இத்தனை வருஷமா நீ எப்படிடி பாஸ் பண்ணினே?"

"ஒரே பாடத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டு. தப்பா எழுதி, அழுது, மறுபடி எழுதி. அதைத்தாம்மா விடச் சொன்னே."

அர்லீனுக்குக் கண் நிறைந்துவிட்டது. "திங்கக்கிழமை நானே கூட்டிட்டுப் போறேன். எவ்வளவு நேரம் வேணும்னாலும் எடுத்துக்கோ. வெளியில உக்காந்திருக்கேன்."

காந்தம் வாங்கியவர்களே, அதைத் தூக்கி எறியாதீர்கள். ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிக்கொள்ளும். மூளையை மட்டும் அங்கே வைக்காதீர்கள், எடுத்து வேலைக்கு விடுங்கள்.