மார்லிஸின் முதல் நோயாளி

என் மனைவியை நர்ஸ் படிப்பை விட வைப்பேன் என்று நான் சபதம் எடுத்தது ஒரு திங்கட்கிழமை காலை. வீட்டில் துணி துவைக்க ஆளில்லாமல், ஒரு காலில் கறுப்பு சாக்ஸ், மறு காலில் பச்சை.

மார்லிஸ் சரித்திரத்தில் பட்டம் வாங்கியவள். துலூத் என்ற அமெரிக்கத் துறைமுக ஊரில், ஒரு சின்ன அருங்காட்சியகத்தில் பதினாறு வருஷம் பழைய கப்பல் சாமான்களைத் துடைத்துச் சீட்டு எழுதி ஒட்டினாள். அதை மூடிவிட்டார்கள். நாற்பத்துமூன்று வயதில் வேறொருத்தியாக இருந்தால் அழுதிருப்பாள். இவள் விண்ணப்பம் போட்டாள். ஏற்கெனவே பட்டம் வைத்திருப்பவர்களை, நர்ஸ் படிப்பைப் பிழிந்து கொடுத்து, பதினைந்தே மாதத்தில் நர்ஸாக்கிவிடுகிறார்கள்.

பிழிபட்டது படிப்பு மட்டுமல்ல, நானும்தான். விடியும் முன் ஆஸ்பத்திரிக்குப் பயிற்சிக்குப் போவாள். வந்தால் புத்தகம். நான் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது தோளில் விரலை வைத்து எலும்பின் பெயரைச் சொல்லிவிட்டு, அடுத்த எலும்புக்குப் போய்விடுவாள். வாயில் நுழையாத பெயர்கள். ஆரின் என்ற என் பெயரைத்தான் சொல்லவில்லை.

பள்ளிக்கூடங்களுக்கு விடுமுறை வாரம். நான் ஓட்டுவது பள்ளி பஸ், அதனால் எனக்கும் அந்த வாரம் வேலையில்லை. நோயாளியாகிவிட்டேன். வீட்டிலேயே ஒருத்தனுக்குச் சேவை செய்து பார்த்தால், வெறுத்துப்போய் அந்தப் படிப்பையே விட்டுவிடுவாள் என்பது கணக்கு.

"அம்மா! முதுகு!"

மார்லிஸ் வந்து நின்றாள். "எங்க வலிக்குது?"

"எல்லா இடத்திலயும்."

"திரும்பிப் படுங்க. முதல்ல உங்களுக்கு முதுகெலும்பு இருக்கான்னு பார்க்கறேன்."

"வலியில துடிக்கிறேன், கேலியா?"

"இல்லைங்க, பாடம். பத்துக்கு எவ்வளவு வலி?"

"பன்னிரண்டு."

குறித்துக்கொண்டாள். அவள் வெறுக்கவில்லை. வீட்டிலிருந்த நேரமெல்லாம் இரண்டு மணிக்கொரு தரம் என்னைப் புரட்டிப் போட்டாள். நாடி பார்த்தாள். உப்பில்லாத ஓட்ஸ் கஞ்சி ஊட்டினாள். குடித்த தண்ணீரை அளந்தாள், வெளியேறியதையும் அளந்தாள். வேட்டையாடி வந்த மான் கறியை வறுக்கும் வாசனை பக்கத்து வீட்டிலிருந்து வந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

மூன்றாம் நாள் சாயங்காலம் மேஜையில் அவளைப் பார்த்தேன். கூடப் படிப்பவர்கள் பாதிப் பேருக்குத் தனக்கு மகளாகும் வயது என்று ஒருமுறை சிரித்தபடி சொல்லியிருக்கிறாள். இப்போது சிரிக்கவில்லை. ஒரே பக்கத்தை மூன்று தரம் படித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு நாலாம் தரம் படித்தாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இது சாக்ஸ் விஷயமில்லை. அவள் புது ஆளாகிக்கொண்டிருக்கிறாள். நான் அதே பஸ்ஸை அதே தெருவில் ஓட்டுவேன்.

மறுவாரம் அவளுடைய நோட்டு சோபாவில் கிடந்தது. நோயாளி ஒருவரைக் கவனித்து எழுதும் பயிற்சி. திறந்தேன்.

"ஆண், வயது நாற்பத்தாறு. முதுகில் கோளாறு எதுவும் இல்லை, நடிக்கிறார். காலையில் வலது பக்கம் வலி. மாலையில் இடது பக்கம். உண்மையான உபாதை: பயம். மனைவி தன்னை விட்டு எங்கோ போய்விடுவாள் என்று நினைக்கிறார். அவள் எங்கும் போகவில்லை என்று தினமும் ஒருமுறை சொல்லவும். துணி துவைத்தல், சமையல் முதலிய இலகுவான வேலைகள் கொடுக்கவும்."

பின்னால் வந்து நின்றிருந்தாள்.

"நான் நடிக்கிறது முதல் நாளே தெரியுமா?"

"முதல் நிமிஷமே."

"அப்புறம் ஏன் கஞ்சி ஊட்டினே?"

"பயிற்சிக்கு ஆள் கிடைக்கிறது எவ்வளவு கஷ்டம் தெரியுமா?" என் தோளில் கை வைத்தாள். எலும்பின் பெயர் எதுவும் சொல்லவில்லை. "நான் எங்கயும் போகலைங்க, ஆரின்."

எழுந்து போய்த் துணிகளை மெஷினில் போட்டேன். வந்து நோட்டை மறுபடி பார்த்தேன். அடியில் டீச்சர் போட்ட மார்க், நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு.

"ரெண்டு மார்க் எதுக்குப் போச்சு?"

"நோயாளி நடிக்கிறார்னு எழுதினதை டீச்சர் நம்பலை. இவ்வளவு மட்டமா யாருமே நடிக்க மாட்டாங்களாம்."