வாழையடியில் கிடந்த பித்தளைக் கோது

போன ஆவணி இருபத்தேழாந் திகதி, வியாழக்கிழமை, காலை ஆறு ஐம்பத்திரண்டு. வானத்தில் ஒரு துண்டு மேகமும் இல்லை. சோளகக் காற்று புழுதியை வாரிக் கண்ணுக்குள் போட்டுக்கொண்டிருந்தது. அந்த நிமிடம்வரை கரவெட்டியில் நான் ஓரளவு மதிப்புள்ள மனிதன். (இளைப்பாறிய விஞ்ஞான ஆசிரியர். முப்பத்தொரு வருடச் சேவை.)

அன்று என் மகளின் புது வீட்டுக்கு அத்திவாரக் கல் வைக்கும் நாள். எங்கள் வீட்டுக்குப் பின்னால், அவளுக்குச் சீதனமாகக் கொடுத்த காணி. நல்ல நேரம் எட்டு நாற்பத்தேழு தொடக்கம் ஒன்பது முப்பத்தொன்றுவரை. கல்லைக் கணவனும் மனைவியும் சேர்ந்திருந்து வைக்கவேண்டும். சுவிஸிலிருந்து லீவில் வந்திருந்த மருமகனுக்குச் சனிக்கிழமை விமானம். ஆவணி முடிந்தால் புரட்டாசி. புரட்டாசியில் எங்கள் பக்கத்தில் யாரும் வீடு தொடங்குவதில்லை.

அத்திவாரத்துக்கு அளந்து அடித்திருந்த ஆப்புகளை எண்ணப் போனேன். பதினாறும் இருந்தன. (முதல்நாள் பின்னேரமும் பதினாறுதான். ஆனாலும் இடையில் ஒரு இரவு போயிருக்கிறதே!) கடைசி ஆப்புக்குப் பக்கத்தில், வாழையடியில், சுட்டுக் கழிந்த துவக்கு ரவையின் வெறுங் கோது ஒன்று கிடந்தது.

எங்கள் மண்ணில் கோது கிடப்பது புதினம் இல்லை. மண்வெட்டி போட்டால் கிழங்குக்கு முன்னம் அதுதான் வரும். ஆனால் அவை கறுத்து, களிம்பு பிடித்திருக்கும். இதுவோ கலியாண வீட்டுச் செம்பு மாதிரி மினுங்கியது.

கையால் தொடவில்லை. முழங்காலில் இருந்து, சட்டைப் பையில் எப்போதும் கிடக்கும் பூதக்கண்ணாடியைப் பிடித்து, ஒரு ஈர்க்கால் உருட்டிப் பார்த்தேன். பிறகு எழும்பி, அத்திவாரம் வெட்ட வந்திருந்த மேசனிடம் சொன்னேன்:

"தம்பி, அலவாங்கைக் கீழை வையும்."

"என்ன மாஸ்டர், பாம்போ?"

"பாம்பெண்டால் நான் பேசாமல் இருந்திருப்பன்."

மருமகன் ஓடிவந்தார். நான் ஈர்க்கை நீட்டி விளக்கினேன். (வகுப்பெடுத்துப் பத்து வருடம். தொண்டை தினவெடுத்துப் போயிருந்தது.)

"இஞ்சை பாருங்கோ. வாயின்ரை உள்பக்கம் கருநீலம். சூடு பட்டிருக்கு. வாய் நசிஞ்சு, ரெண்டு பக்கமும் பல்லுப் பல்லாய்க் கீறல். இந்தப் பக்கம் ஏழு, அந்தப் பக்கம் ஏழு. அடியிலை சின்னக் குழிதான் இருக்கவேணும். இதிலை ஆணி போற ஓட்டை. துவக்கு பழுது. ஆரோ கள்ளமாய்த் திருத்தி வைச்சிருக்கினம். சுட்டு மூண்டு நாளும் ஆகேல்லை."

"உது பழசு மாமா. எடுத்து எறிஞ்சிட்டுக் கல்லை வைப்பம்."

"பழசெண்டால் ஏன் மினுங்குது?"

பொலிசுக்கு நானே போன் பண்ணினேன். காணிக்குள் ஒருவரும் கால் வைக்கக்கூடாது என்று கயிறும் கட்டினேன். மகள் கூறைச் சேலையோடு வந்து கயிற்றுக்கு வெளியே நின்று அழுதாள். அவளுக்குப் பின்னால் என் மனைவி.

"இஞ்சேருங்கோ, அது என்னெண்டு ஒருக்கால் பாப்பம்."

"கிட்ட வராதையும். இது உமக்கு விளங்காது."

"நான் சொல்லுறதைக் கேளுங்கோவன்..."

"பிறகு சொல்லும்!"

அவள், பூசைக்கு வந்திருந்த ஐயருக்குப் பக்கத்தில் ஒரு கதிரையைப் போட்டு இருந்துவிட்டாள். அந்த அமைதியைக் கண்டாவது நான் யோசித்திருக்கவேண்டும்.

பொலிஸ் வர எட்டு ஐம்பத்தைந்து. வந்த அதிகாரிக்கு முழுப் பாடத்தையும் திரும்ப நடத்தினேன். அவர் தலையாட்டிக் கேட்டார். பிறகு மெல்லக் கேட்டார்:

"துவக்குகளைப் பற்றி ஐயாவுக்கு எப்பிடி இவ்வளவு தெரியும்?"

எங்கள் ஊரில் அந்தக் கேள்விக்குச் சரியான பதில் என்று ஒன்று கிடையாது.

"நான்... விஞ்ஞானம் படிப்பிச்சனான்."

"விஞ்ஞானத்திலை துவக்குத் திருத்துறதும் இருக்கோ?"

மருமகன் என்னைவிட்டு இரண்டு அடி தள்ளி நின்றார். (வெளிநாட்டுக் கடவுச்சீட்டு. பாவம், அவரைக் குறை சொல்ல முடியாது.) அப்போது மனைவி எழும்பிக் குசினிக்குள் போய், ஒரு ஜாம் போத்தல் மூடியோடு வந்தாள். மூடியின் நடுவில் ஓட்டை.

"ஐயா, அந்தக் கோது இதுக்குள்ளை போகுதோ பாருங்கோ."

அதிகாரி கோதை எடுத்துச் செருகினார். அளவெடுத்தது போல இறுகியது.

"எங்கடை போத்தல் விளக்கின்ரை திரிக்குழாய்," என்றாள். "கரண்ட் போனால் கொளுத்துறது. நேற்றுக் குத்துவிளக்கோடை இதையும் புளி போட்டு மினுக்கினனான். கழுவின தண்ணியை வாழைக்கு ஊத்தேக்கை விழுந்திட்டுது போலை."

"அப்ப இந்தக் கீறல்?"

"திரி நழுவாமல் குறட்டாலை நசிச்சது. ஓட்டை ஆணியாலை அடிச்சது. சண்டைக் காலத்திலை மண்ணெண்ணெயைச் சொட்டுச் சொட்டாய் எரிக்க எண்டு, இந்த மனுசன்தான் ஒரு நாள் முழுக்க இருந்து செய்தவர்."

ஆக, கள்ளமாய்த் துவக்குத் திருத்திய அந்த ஆசாமி நான்தான். பதினாலு கீறலும் என் குறடு. கருநீலம் என் திரி. அதிகாரி சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை. ஐயர் மட்டும் சிரிக்கவில்லை, மணிக்கூட்டைப் பார்த்தார். ஒன்பது முப்பத்தாறு.

"நேரம் போட்டுது," என்றார்.

மகள் இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. ஆவணியின் கடைசி நாளான திங்கட்கிழமை காலை இன்னொரு நேரம் கிடைத்தது. மருமகன் விமானத்தைப் பிற்போட்டு, கல்லை வைத்துவிட்டுத்தான் போனார். இப்போது வீடு கூரை மட்டத்துக்கு வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் சுவிஸிலிருந்து வீடியோவில் கதைக்கும்போது, ஒரு கரண்டியையோ தேத்தண்ணிக் கோப்பையையோ தூக்கிக் காட்டுவார்.

"மாமா, இதிலை ஒரு கீறல் கிடக்கு. எந்தத் துவக்கு எண்டு சொல்லுங்கோ பாப்பம்."

என் பக்கத்தில் மகள் சிரிப்பாள். மனைவி, "பொறும், கயிறு கட்டின பிறகுதான் சொல்லுவார்," என்பாள்.

மேசனுக்கும் நாலு ஆட்களுக்கும் சும்மா நின்ற கூலி பத்தொன்பதாயிரம். ஐயருக்கு இரண்டாந் தரத் தட்சணை பத்தாயிரம். விமானச் சீட்டு மாற்ற ஐம்பத்தெட்டாயிரத்து அறுநூறு. மேலிருந்து கீழும் கீழிருந்து மேலும் கூட்டிப் பார்த்துவிட்டேன், குறையவில்லை: எண்பத்தேழாயிரத்து அறுநூறு ரூபாய்.